பயந்த அக்காவும் தலகாணிக்காரனும்

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், நாங்கள் இரண்டு மருமகள்களும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது விழவில்லை, ஓடவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்தார். மறுகணம் தட்டோடு மாடிப்படியில் நின்றார்.

“போயிருச்சா?”

“இல்லக்கா, அங்கனயேதான் இருக்கு.”

“அப்ப நான் இங்கயே சாப்பிட்டுக்கிறேன். தப்பா நெனச்சுக்காத புள்ள. எனக்கு எல்லாத்துக்கும் பயம். போகப் போகப் பாத்துக்குவ.”

அவர் என் கணவருடைய அண்ணன் மனைவி. எனக்கு ஓர்ப்படியா முறை என்றாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது வத்தலக்குண்டில் இருக்கிறார். எங்கள் மாமனார் அங்கே இன்னொரு மாவு மில் போட்டு மூத்த மகனிடம் ஒப்படைத்தபோது குடும்பத்தோடு போய்விட்டார். அதற்கு முந்தைய சில வருஷங்கள், திண்டுக்கல்லில் கீழே மில்லும் மேலே வீடுமாக இருந்த இந்த இடத்தில், நாங்கள் ஒரே அடுப்படியில் நின்றோம். அந்த வருஷங்களில்தான் அவர் பிள்ளைகளுக்காக ஒரு மாயக் கதை நாவல் எழுதினார். ஒரு குடும்பம், அதன் வீரம், அவர்களுக்குள் ஒளிந்திருக்கும் சக்திகள். ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி எழுதிய வீரக் கதை என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். சொல்லிவிட்டு அவரே அதை எடுத்துப் படிப்பார்.

பயப்படுகிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். நானே இடிக்குப் பயப்படுவேன், ஆனால் வெளியே காட்ட மாட்டேன். அக்காவுக்கு மறைக்கவே தெரியாது. குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராகும்போது காதைப் பொத்திக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவார். ஏ.டி.எம். இயந்திரம் கார்டைத் திருப்பிக் கொடுக்காது என்ற பயத்தில், பாதி உள்ளே போன கார்டை வெளியே இழுத்துக்கொண்டு நிற்பார். ஊதிய பலூன் பக்கத்தில் உட்கார மாட்டார். பஸ்ஸில் டிரைவர் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்துப் பேசினால் போதும், பின் சீட்டிலிருந்து, “அண்ணே, ரோட்டப் பாருங்கண்ணே!” என்று சத்தம் வரும். பஸ்ஸே சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

பிள்ளைகளுக்கு அவரை அவ்வளவு பிடிக்க இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மற்ற பெரியவர்கள் எல்லாரும் “இதுக்கெல்லாம் பயப்படலாமா?” என்று கேட்பார்கள். அக்கா மட்டும்தான் “எங்க? எங்க?” என்று கேட்டுக்கொண்டு அவர்களோடு கட்டிலில் ஏறி நிற்பார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் யாழினி, அப்போது மூன்றாம் வகுப்பு. மில் ஓடுகிற வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். இவள் பேசுவது மட்டும் அவளுக்கே கேட்காது. சின்னவன் கவின் வாயை மூடவே மாட்டான். வீட்டில் என்ன நடந்தாலும் கீழே மில்லுக்கு ஓடித் தாத்தாவிடம் ஒப்பித்துவிட்டு வருவான்.

கதை தொடங்கியது மொட்டை மாடியில். கொடியில் காய்ந்த துணிகளைச் சாயங்காலம் எடுத்து வருவது அக்காவின் வேலை. வெளிச்சம் மங்கினால் மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டி யாரோ குத்தவைத்திருப்பதுபோல் தெரியுமாம், தனியாகப் போக மாட்டார். பிள்ளைகளைத் துணைக்குக் கூப்பிடுவார். முதலில் பிஸ்கட் கொடுத்துக் கூட்டிப்போனார். பிஸ்கட் சலித்ததும் பிள்ளைகள் வர மறுத்தார்கள். அன்றைக்குத்தான், “வாங்கடா, ஒரு கதை சொல்றேன்” என்றார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டைப் பாறை நன்றாகத் தெரியும். அக்கா ஒரு கையில் துணியோடு அதைக் காட்டினார்.

“நம்ம ஊருக்கு ஏண்டா திண்டுக்கல்லுனு பேரு?”

“திண்டு மாதிரி கல்லு,” என்றான் கவின். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“திண்டுன்னா என்ன?”

“தலகாணி.”

“தலகாணின்னு ஒண்ணு கெடந்தா, அதுல தல வச்சுப் படுக்கிறவன்னு ஒருத்தன் இருக்கணுமா இல்லையா?”

பிள்ளைகள் இரண்டு பேரும் பாறையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சின்ன வயதில் என் ஊரான நத்தத்திலிருந்து வந்துபோகும்போதெல்லாம் பார்த்த பாறைதான். அன்றைக்கு அது யாரோ எழுந்துபோன படுக்கைபோல் இருந்தது.

“அவன் இப்ப எங்கம்மா?” யாழினி கேட்டாள். அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம்.

“தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிருக்கான், கொடைக்கானல் பக்கம். தூக்கம் வந்தா திரும்பி வருவான்ல? தல அந்தப் பாறையில. ஒடம்பு எங்க போகும்? நம்ம தெரு, பஸ் ஸ்டாண்டு, எல்லாத்துமேலயும் நீட்டிப் படுப்பான். கால் ரெண்டும் நத்தத்துல கெடக்கும். இப்பக்கூட அவன் கொட்டாவி விடுற சத்தம்…”

அக்கா நிறுத்தினார். முகம் மாறிவிட்டது.

“அப்புறம்மா?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. துணிய உருவுங்கடா. கீழ போயிருவோம்.”

சொன்னவருக்கே பயம் வந்துவிட்டது. பிறகு கவனித்தேன், தினமும் அப்படித்தான். எந்த இடத்தில் அவருக்குப் பயம் வருகிறதோ அந்த இடத்தில் அன்றைய கதை முடியும். தேர்ந்த கதாசிரியர்கள் எங்கே நிறுத்துவது என்று யோசித்து நிறுத்துவார்கள். இவர் ஓடி வந்துவிடுவார். பிள்ளைகளுக்கோ மறுநாள் சாயங்காலம்வரை இருப்புக்கொள்ளாது. எதிர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் வீட்டுத் துணியெல்லாம் காய்கிறதோ இல்லையோ, சாயங்காலம் ஆனால் கொடி காலியாகிவிடும்.

தலகாணிக்காரன் திரும்பி வருவதற்குள் ஊரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு, பாறைக்கு அடியில் வசித்த ஒரு குடும்பத்துடையது. அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரு சக்தி உண்டு, ஆனால் அவர்களுக்கே அது தெரியாது. ஏனென்றால் வீட்டில் எல்லாரும் அதைக் குறை என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அது யார் வீடு என்று கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அக்காவின் கணவர், எங்கள் பெரிய அத்தான், எதையும் மறப்பவர். தேங்காய் வாங்கப் போய்க் குடையைத் தொலைத்துவிட்டு, தேங்காயும் இல்லாமல் வருவார். கதையில் அவர் எதை மறக்கிறாரோ அது உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். பிள்ளைகள் அவர் பின்னாலேயே அலைந்தார்கள். “அப்பா, தலகாணிக்காரன மறந்துருங்கப்பா!” அத்தான், “எவன்டா அவன்?” என்று கேட்க, “மறந்துட்டாரு! மறந்துட்டாரு!” என்று ஒரே கும்மாளம்.

என் கணவர் நின்றுகொண்டே தூங்குபவர். பஸ்ஸில் தூங்கி ஊர் தாண்டி இறங்கியவர். கதையில் அவர் எந்த இடத்தில் தூங்குகிறாரோ அந்த இடத்து மண்ணுக்கு அடியில் நடப்பதெல்லாம் அவர் காதில் விழும். யார் வந்தாலும் குழம்பில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கிற மாமியாருக்கு, ஊருக்கே ஊற்றினாலும் வற்றாத சட்டி. நான் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிடுவேன். துக்க வீட்டில்கூடச் சிரித்து அம்மாவிடம் கிள்ளு வாங்கியிருக்கிறேன். என் சிரிப்புச் சத்தத்துக்கு எந்தப் பூட்டும் திறந்துகொள்ளும் என்று அக்கா சொன்ன அன்றைக்கு, மாடியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. “என்ன புள்ள, பயந்துட்டியா?” என்று கேட்டார். மனிதர்கள் அழுவதற்கு அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

யாழினிதான் கதாநாயகி. அவள் ரகசியம்போல் பேசினால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், யாருக்குக் கேட்க வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் கேட்கும்.

நான் கல்யாணத்துக்கு முன்பு நத்தத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். “அக்கா, இதை நான் டைப் பண்ணித் தாரேன். புத்தகமாப் போடுவோம்” என்றேன். அவர் கம்ப்யூட்டர் பக்கம் வரவே மாட்டார், தப்பாக அமுக்கினால் வெடித்துவிடும் என்று. அதனால் மத்தியானம் சமையல் முடிந்ததும் வாட்ஸப்பில் எனக்குக் குரல் பதிவு அனுப்புவார். பக்கத்து அறையில் இருக்கும் எனக்கு! கீழே மில் ஓடும் சத்தம், அதற்கு மேல் அக்காவின் குரல். கேட்டுக் கேட்டுத் தட்டுவேன்.

ஒரு நாள் பதிவு வரவில்லை. பதிலாக, சமையலறையிலிருந்து ஒரு அலறல் வந்தது. பல்லி என்று நினைத்துப் போனேன். அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“புள்ள, குரூப்ல போயிருச்சு.”

“எந்த குரூப்புல?”

“நம்ம குடும்ப குரூப்புல.”

அதில் எல்லாரும் இருந்தார்கள். சித்தையன்கோட்டையில் இருக்கும் அக்காவின் பிறந்த வீட்டார் முதல் எங்கள் மாமனார் வரைக்கும். “அழிங்கக்கா!” என்றேன். “அழிச்சுட்டேன்” என்றார். வாங்கிப் பார்த்தேன். பதற்றத்தில் ‘எனக்கு மட்டும்’ என்பதை அமுக்கியிருந்தார். அவர் போனில் மட்டும் அது இல்லை. மற்ற எல்லார் போனிலும் இருந்தது.

என் போனில் போட்டுக் கேட்டேன். தலகாணிக்காரன் ஆள் உயரத்துக்குச் சுருங்கி ஊருக்குள் நுழையும் கட்டம்.

“…மாடிப்படி ஏறுறான். ஒரு கால வச்சு, மறு கால இழுத்து, தங்… தங்… புருவம் பூராம் வெள்ளையா மாவு. ‘எவன்டா எஞ்செருப்ப மாத்திப் போட்டது’ன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு மூணு தெரு நாயும் எந்திரிச்சு ஓடுது…”

எங்கள் மாமனாரை ஒரு முறை பார்த்தவர்கள்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். மூட்டு வலிக்காரர், மாவு படிந்த புருவம், தெருமுனைவரை கேட்கும் குரல். வீட்டில் அவரை எதிர்த்துப் பேசியவர் யாரும் கிடையாது. அக்கா அத்தனை வருஷத்தில் அவரிடம் “சரி மாமா”, “வேணாம் மாமா” என்ற இரண்டைத் தவிர வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

கீழே மில் சத்தம் நின்றது. அந்த நேரத்தில் நிற்காது. பிறகு அக்காவின் குரல் கீழிருந்து வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். மிளகாய் அரைக்க வந்தவர்களும் சேர்ந்து கேட்கிறார்கள். முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.

அதற்குள் குரூப்பில் தூரத்து உறவுக்காரர் ஒருவர், ‘பெரியவரை இப்படியா பேசுவது’ என்று எழுதியிருந்தார். அக்காவின் அம்மா போனில் கூப்பிட்டு அழுதார். “மன்னிப்பு கேட்டுட்டு, நாலு நாளைக்கு இங்க வந்து இருடி.” அக்கா ஒரு பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார்கள். வந்ததும் வராததுமாகக் கவின், “மாடிக்குப் போவமா?” என்றான்.

“இனிமே கதை கெடையாதுப்பா.”

“ஏன்?”

“கதை தீந்துபோச்சு.”

யாழினி பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். அக்கா அடுக்க, அவள் எடுக்க, இப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. தங்… தங்… ஒரு காலை வைத்து மறு காலை இழுத்து. கவின் கண்கள் விரிந்தன. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். அக்கா என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். முட்டியைத் தடவிக்கொண்டார்.

“ஏத்தா, இங்கிட்டு முன்னாடி வா. அது நாந்தான?”

“இல்ல மாமா. அது… கதை மாமா.”

“எம் புருவம். எஞ் செருப்பு. எம் மூட்டு வலி. பெறகு எவன் அது?”

மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

“கவின் பய தெனம் வந்து சொல்லுவான். மறதிக்காரன் மறந்தா ஒலகமே மறந்துருது. தூங்குமூஞ்சிக்கு மண்ணுக்குள்ள காது. உங்க அத்தைக்கு வத்தாத சட்டி. இந்தா நிக்கிறாளே, இவ சிரிச்சா பூட்டு தெறக்குது. வீட்ல இருக்கிற அம்புட்டுப் பேருக்கும் சக்தி குடுத்துட்ட. நானும் தெனம் கேட்டுப் பாத்தேன், எனக்கு எப்ப வரும், எனக்கு எப்ப வரும்னு. கடைசில என்னைய அரக்கனாக்கிட்டியேத்தா.”

அவர் குரல் வழக்கம்போலப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் இல்லை. விளையாட்டில் சேர்க்கப்படாத பிள்ளை கேட்பதுபோல் இருந்தது.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்கா வெளியே வந்தார். உள்ளங்கை இரண்டையும் சேலையில் துடைத்துக்கொண்டார். பற்கள் தந்தியடித்தன. அந்த நடுக்கத்தோடு பேசினார்.

“உங்களுக்கும் இருக்கு மாமா. சொன்னா கோவிச்சுக்குவீகளோன்னு பயந்து சொல்லல.”

“சொல்லு.”

“தலகாணிக்காரன யாராலயும் செயிக்க முடியாது மாமா. தூங்க வைக்கத்தான் முடியும். காலை மடக்கிக்கிட்டு, ஊரு மேல படாமத் தூங்க வைக்கணும். அதுக்கு ஒரு கொரல் வேணும். அம்புட்டு மெதுவான, இதமான கொரல் ஒலகத்துலயே அந்த வீட்டுப் பெரியவருக்கு மட்டுந்தான் இருக்கு. ஆனா…”

“ஆனா?”

“ஆனா அத இதுவரைக்கும் வீட்ல யாரும் கேட்டதில்ல மாமா.”

எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மாமா அக்காவையே பார்த்தார். பிறகு முன்னால் குனிந்தார். அவரிடமிருந்து ஒரு குரல் வந்தது. பூனைக்குட்டியைக் கூப்பிடுவதுபோல, ஒரு சின்னக் குரல்.

“அப்படியாத்தா?”

கவின் வாயைப் பிளந்தான். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரு வந்துருக்கா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் தெருமுனைவரை கேட்டிருக்கும். குரூப்பில் அவரே ஒரு குரல் பதிவு போட்டார்: “எம் மருமக கதை சொல்லுது. கேக்குறவக கேளுங்க, கேக்காதவக சோலியப் பாருங்க.”

அதன்பிறகு அவர் கத்துவதை நிறுத்திவிட்டார் என்று சொன்னால் பொய். மறுநாள் காலையிலேயே செருப்புக்காகக் கத்தினார். ஆனால் ராத்திரி பிள்ளைகளைப் படுக்க வைக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் என்ன பேசினார் என்று யாருக்கும் கேட்டதில்லை. கதவுக்கு வெளியே நின்றால்கூடக் கேட்காது.

கதை முடிந்தது. பிள்ளைகள் புத்தகம் போடும் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பினோம். பல மாதம் கழித்துப் புத்தகமாக வந்தது. அட்டையில் பாறை, அதில் ஒரு தலை அமுங்கிய பள்ளம். அந்த வருஷம் ஊரில் நடந்த புத்தகக் கண்காட்சியில், சிறுவர் அரங்கில் அக்கா கதை வாசிக்க வேண்டும் என்று பதிப்பகத்தார் கேட்டார்கள். ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மேடைக்கு முன்னால் பல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நாங்கள் குடும்பத்தோடு நின்றோம். அத்தான் அக்காவின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவர மறந்திருந்தார். அக்கா மைக்கைப் பிடித்தார். புத்தகத்தைத் திறந்தார். பிள்ளைகளைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

“எனக்கு ரொம்பப் பயமா இருக்கு,” என்றார் மைக்கில்.

முன்வரிசையில் ஒரு பயல், “எதுக்கு?” என்றான்.

“உங்களப் பாத்துத்தான். உனக்கு எதுக்குப் பயம்?”

“கரப்பான்பூச்சி.”

“ஐயோ, எனக்கும். பறக்கிறதா, நடக்கிறதா?”

“பறக்கிறது!”

“அது வேற கணக்குடா தம்பி.”

அவ்வளவுதான். அரங்கம் முழுக்கக் கை தூக்கியது. ஊசி, பேய், கன்னத்தைக் கிள்ளுகிற மாமா, தலைகீழாகத் தொங்கும் வவ்வால். ஒவ்வொன்றுக்கும் அக்கா, “எனக்கும்!” என்றார். ஒருத்தி, “தயிர்சாதம்” என்றாள். அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். கொடுத்த நேரம் தீர்ந்துவிட்டது. புத்தகத்திலிருந்து ஒரு வரிகூட வாசிக்கவில்லை. கொண்டுபோன பிரதிகள் எல்லாம் விற்றுவிட்டன.

கிளம்பும்போது ஒரு சின்னப் பெண் அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். இரண்டாம் வகுப்பு இருக்கலாம். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“ஆன்ட்டி, எங்கம்மா அந்தக் கடைசி ஸ்டால்ல இருக்காங்க. நடுவுல லைட்டு இல்ல.”

நாங்கள் பார்த்தோம். அரங்குக்கும் கடைகளுக்கும் நடுவே ஒரு பகுதி இருட்டாகக் கிடந்தது. என் கணவர், “நான் கூட்டிட்டுப் போறேன்” என்று முன்னால் வந்தார். அந்தப் பெண் அவரைப் பார்க்கவே இல்லை.

அக்கா இருட்டைப் பார்த்தார். “எனக்கும் அந்தப் பக்கம் பயமாத்தான் இருக்கு கண்ணு,” என்றார்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். புத்தகத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

“அப்ப என் கையப் புடிச்சுக்கங்க ஆன்ட்டி.”

அக்கா பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் நடந்தார்கள். பாதி தூரத்தில் உருவம் மறைந்துவிட்டது. எதையோ மிதித்திருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒன்றாக வீறிட்டுக் கத்துவது கேட்டது. பிறகு, இரண்டு பேரும் ஒன்றாகச் சிரிப்பது கேட்டது.